சிங்கங்களில் பிறவிக் குறைபாடு

சிங்கங்களில் பிறவிக் குறைபாடு என்பது, சிங்கக் குருளைகள் கருவில் வளரும்போதே தோன்றி, பிறப்பின்போது அல்லது பிறந்த சில மாதங்களில் வெளிப்படும் உடலமைப்புக் குறைகளையும் உடலியக்கக் குறைகளையும் குறிக்கும். அண்ணப்பிளவு, மண்டையோட்டு எலும்பின் திரிபு, கால் அல்லது முதுகெலும்பின் வளைவு, குடலிறக்கம், இதயச் சுவரில் துளை, பார்வைக் குறை முதலியன பூனைக் குடும்ப விலங்குகளில் அறியப்பட்டவை. இவற்றுள் கடுமையான ஒன்றுடன் பிறக்கும் குருளை, காட்டில் பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ இறந்துவிடுகின்றது. அதே குறையுடன் விலங்குக் காட்சிச்சாலையில் பிறக்கும் குருளை, மருத்துவம் கிடைத்தால் பல ஆண்டுகள் வாழக்கூடும்.

எனினும் இவ்வேறுபாட்டைக் கொண்டு காடு கொல்வது, கூண்டு காப்பது என்று முடிவு கட்ட இயலாது. சிங்கங்களில் நன்கு ஆராயப்பட்ட பிறவிக் குறைபாடுகளுள் சில, அடைப்பு வாழ்வின் உணவினாலும் நெருங்கிய உறவுக்குள் நடக்கும் இனப்பெருக்கத்தினாலும் உண்டாகின்றவை. அதாவது காப்பாற்றும் இடமே குறையை உண்டாக்கும் இடமாகவும் இருக்கின்றது.

குறைபாடும் வேறுபாடும்

பிறவியிலேயே அமைந்த மாற்றங்கள் எல்லாம் குறைபாடுகள் அல்ல. தென்னாப்பிரிக்காவின் டிம்பாவட்டிப் பகுதியில் 1975ஆம் ஆண்டில் கிறிசு மெக்பிரைடு என்பவரால் கண்டு விரிவாக எழுதப்பட்ட வெள்ளைச் சிங்கங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவை நிறமி முற்றிலும் அற்ற வெளிறிகள் அல்ல. இவற்றின் கண்களிலும் மூக்கிலும் நிறமி உண்டு. நிறமி உருவாக்கத்துக்கு வேண்டிய டைரோசினேசு என்னும் நொதியத்தின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றமே இந்நிறத்துக்குக் காரணம் என்பது 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வினால் அறியப்பட்டது. வெண்ணிறம் இரைவிலங்குகளின் கண்ணில் எளிதில் பட்டுவிடும், ஆதலால் இவை பட்டினியால் இறந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மீண்டும் காட்டில் விடப்பட்ட வெள்ளைச் சிங்கங்களின் வேட்டைத் திறன் மஞ்சட் சிங்கங்களினதை விடக் குறைவாக இல்லை என்று 2015இல் வெளியான ஒப்பீடு காட்டியது. சிங்கங்கள் பெரும்பாலும் இருளில் வேட்டையாடுவதும், கூட்டமாக வேட்டையாடுவதும் இதற்குத் துணை செய்திருக்கலாம்.

ஆசியச் சிங்கங்களின் மண்டையோடுகளில் ஏறத்தாழ பாதியில், கண்குழிக்குக் கீழே நரம்பு செல்லும் துளை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆப்பிரிக்கச் சிங்கங்களில் இது பொதுவாக ஒற்றைத் துளையே. இதனால் அவ்விலங்குக்கு எவ்வித இடையூறும் இருப்பதாகத் தெரியவில்லை. போட்சுவானாவின் ஒக்கவாங்கோ கழிமுகப் பகுதியில் பிடரி மயிருடன் காணப்பட்ட பெண் சிங்கங்களும் கூட்டத்தோடு இயல்பாகவே வாழ்ந்தன.

மறுபுறம், பிறவிக் குறைபாடு போலத் தோன்றுவன எல்லாம் பிறவியில் வந்தவையும் அல்ல. எலும்பு நீக்கிய இறைச்சியை மட்டும் உண்டு வளரும் குருளைகளுக்குச் சுண்ணச்சத்துப் போதாமல் போகின்றது. இறைச்சியில் எரியம் மிகுதியாகவும் சுண்ணம் மிகக் குறைவாகவும் இருப்பதால், உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணத்தை எடுத்துக்கொள்கின்றது. கால்கள் வளைந்து, முதுகு கூனி, சிறு தாவலிலேயே எலும்பு முறியும் இக்குருளைகள் பிறவி ஊனம் உடையவை என்று பலமுறை தவறாகக் கருதப்படுகின்றன. இணையத்தில் பரவும் "டவுன் நோய்க்கூட்டறிகுறி உடைய சிங்கம்" என்ற படக்குறிப்புகளும் பிழையானவை. மனிதரில் அக்கூட்டறிகுறி 21ஆம் நிறப்புரி மூன்றாக அமைவதால் வருவது. சிங்கத்துக்கு இருப்பவை 19 இணை நிறப்புரிகள் மட்டுமே. அப்படங்களில் உள்ள முகத் திரிபுகளுக்கு வேறு காரணங்களையே தேட வேண்டும்.

காட்டில் குருளையின் வாழ்வு

குறையேதும் இல்லாத குருளைக்கே காட்டில் பிழைப்பது அரிது. செரெங்கெட்டிச் சமவெளியில் 1966ஆம் ஆண்டு சியார்ச்சு சாலர் தொடங்கிய ஆய்வு, பின்னர் கிரெய்கு பேக்கர் முதலியோரால் பல பத்தாண்டுகள் தொடரப்பட்டது. அங்குப் பிறக்கும் குருளைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இரண்டு வயதை எட்டுவதில்லை. பட்டினி, கழுதைப்புலி, சிறுத்தை, எருமைகளின் மிதி ஆகியன ஒருபுறம். கூட்டத்தைப் புதிதாகக் கைப்பற்றும் ஆண் சிங்கங்கள் முந்தைய ஆண்களின் குருளைகளைக் கொன்றுவிடுவது மறுபுறம். குருளை இறப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு நிகழ்வது என்று கணிக்கப்பட்டுள்ளது.

ஏறத்தாழ 110 நாட்கள் சூல் கொண்ட பின், பெண் சிங்கம் கூட்டத்தை விட்டு விலகிச் சென்று, புதரிலோ நாணலிலோ பாறையிடுக்கிலோ ஈனுகின்றது. குருளைகள் கண் திறவாதவை. எடை ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரை இருக்கும். பகைவிலங்குகள் மோப்பம் பிடிக்காதிருக்கத் தாய் அவற்றைக் கழுத்தில் கவ்வி அடிக்கடி இடம் மாற்றும். ஆறு முதல் எட்டு வாரங்களில் அவற்றைக் கூட்டத்துக்கு அழைத்து வரும். அதன்பின் அவை கூட்டத்தோடு நடக்க வேண்டும். பெரிய குருளைகளோடு போட்டியிட்டுப் பால் குடிக்க வேண்டும். இரையைச் சுற்றி நடக்கும் நெரிசலில் தன் பங்கைப் பெற வேண்டும்.

பிறவிக் குறைபாடு ஒவ்வொன்றும் இவ்வரிசையில் எங்கே குறுக்கிடுகின்றது என்பதைப் பொறுத்தே இறப்பின் காலம் அமைகின்றது. அண்ணம் பிளந்த குருளையால் உறிஞ்ச இயலாது; குடிக்கும் சிறிதளவு பாலும் மூக்கு வழியாக வெளியேறும் அல்லது நுரையீரலுக்குள் செல்லும். அது முதற் சில நாட்களைத் தாண்டுவதில்லை. கால் ஊனமுற்ற குருளை மறைவிடத்தில் இருக்கும்வரை பால் குடித்து வளரக்கூடும். கூட்டம் இடம்பெயரத் தொடங்கும்போதுதான் அது பின்தங்குகின்றது. தாய் திரும்பி வந்து அழைக்கும், சில வேளை தூக்கிச் செல்லும். ஆனால் மற்றக் குருளைகளும் இரையும் முன்னே இருக்கையில் அது நெடுநேரம் காத்திருப்பதில்லை. இதயத்தில் துளை போன்ற உட்குறைகள் வெளியே தெரியாமல் இருந்து, ஓடவும் வேட்டையாடவும் வேண்டிய வயதில் வெளிப்படக்கூடும்.

தாய்ச் சிங்கம் குறையுள்ள குருளையை இனங்கண்டு வேண்டுமென்றே கொன்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நோயுற்ற அல்லது தனித்துவிட்ட குருளையைத் தாய் கைவிடுவதுண்டு. ஆயினும் அதன் நடத்தையைத் தூண்டுவது குருளையின் அசைவின்மை, குரல் ஒடுங்கல், பின்தங்கல் போன்றவையே அன்றி, ஊனம் பற்றிய அறிவு என்று கொள்ளச் சான்று இல்லை. குசராத்தின் கிர் காட்டில் நிகழ்ந்த ஒன்று இங்குக் கருதத்தக்கது. 2018ஆம் ஆண்டு திசம்பர் இறுதியில், தன் இரு குருளைகளோடு இருந்த ஒரு பெண் சிங்கம், ஏறத்தாழ இரண்டு மாத வயதுடைய சிறுத்தைக் குட்டி ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பால் கொடுத்தது. தான் வேட்டையாடிய இரையையும் உண்ணவிட்டது. சிங்கக் குருளைகளும் அதனோடு விளையாடின. ஏறத்தாழ 45 நாட்களுக்குப் பின் அக்குட்டி ஒரு நீர்நிலை அருகே இறந்து கிடந்தது. உடலை ஆய்ந்தபோது, பிறவியிலேயே இருந்த தொடைக் குடலிறக்கமே இறப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று அறியப்பட்டது. வேற்றினத் தாயின் முழுக் கவனிப்பும் பெற்ற குட்டியையே ஓர் உட்குறை கொன்றது. அறுவை மருத்துவம் கிடைத்திருந்தால் குடலிறக்கம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஒன்றாகும்.

இந்நிகழ்வு பதிவானதே ஒரு தற்செயல் எனலாம். காட்டில் பிறக்கும் குருளைகளை ஆய்வாளர் முதன்முதலில் காண்பது அவை சில வாரங்கள் வளர்ந்த பின்னரே. அதற்குள் இறந்தவற்றின் உடல்களைக் கழுதைப்புலிகளும் நரிகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் எஞ்சவிடுவதில்லை. காட்சிச்சாலையிலோ பிறந்து இறந்த குருளைகள் பெரும்பாலும் உடற்கூற்று ஆய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன. ஆகவே காட்டுச் சிங்கங்களில் பிறவிக் குறைபாடு அரிது என்று நூல்களில் காணப்படும் கூற்று, பிறப்பவற்றைப் பற்றியது அன்று. மனிதர் கண்ணில் படும்வரை பிழைத்தவற்றைப் பற்றியது மட்டுமே.

ஊனமுற்ற சிங்கம் காட்டில் வாழவே முடியாது என்பதும் சரியன்று. உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவில் சேக்கப் என்று பெயரிடப்பட்ட ஆண் சிங்கம் 2020இல் கண்ணியில் சிக்கிப் பின்னங்கால் ஒன்றை இழந்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் அது தன் உடன்பிறந்த ஆணுடன், முதலைகளும் நீர்யானைகளும் நிறைந்த கசிங்கா கால்வாயில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்திக் கடந்தது வெப்பப் படக்கருவியில் பதிவானது. ஆனால் சேக்கப் கால் இழந்தபோது வேட்டை கற்று முதிர்ந்த விலங்கு. அதற்குத் துணையும் இருந்தது. வனத்துறை மருத்துவர்களின் கவனிப்பும் கிடைத்தது. மூன்று காலுடன் பிறக்கும் குருளைக்கு இம்மூன்றும் இல்லை.

அடைப்பு வாழ்வின் உணவும் மண்டையோடும்

காட்சிச்சாலைகளில் வளரும் இளஞ்சிங்கங்களில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட ஒரு நோய் பல ஆண்டுகள் புதிராக இருந்தது. நன்றாகப் பிறந்து நன்றாக வளர்ந்த குருளை, சில மாத வயதில் தலையை ஒருபுறம் சாய்க்கத் தொடங்கும். பின்னர் தள்ளாடி நடக்கும்; கால்கள் பின்னிக்கொள்ளும்; வானத்தை நோக்குவது போலத் தலையைப் பின்னுக்கு மடக்கும். இறந்த விலங்குகளை ஆய்ந்தபோது, பிடரி எலும்பும் பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையிலுள்ள எலும்புத் தடுப்பும் இயல்பை விடப் பலமடங்கு தடித்திருந்தன. இடமின்றிப் போன சிறுமூளை, முதுகுத்தண்டுக்குச் செல்லும் துளையினூடே பிதுங்கியிருந்தது.

இதற்குக் காரணம் உயிர்ச்சத்து ஏ குறைபாடு என்று பின்னர் தெளிவாயிற்று. மனிதரும் மாடும் கீரை, காரட்டு முதலியவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்ள வல்லவர்கள். பூனைக் குடும்பத்துக்கு அவ்வாற்றல் இல்லை. விலங்கின் ஈரலிலிருந்தே அதைப் பெற வேண்டும். காட்டுச் சிங்கம் இரையை வீழ்த்தியதும் வயிற்றைக் கிழித்து ஈரல் முதலிய உள்ளுறுப்புகளையே முதலில் உண்பது வழக்கம். காட்சிச்சாலையில் சிங்கத்துக்கு இடப்படுவதோ பெரும்பாலும் தசை இறைச்சி. உயிர்ச்சத்து போதாதபோது வளரும் மண்டையோட்டின் உட்புற எலும்பு கரைக்கப்படாமல் தடித்துக்கொண்டே போகின்றது. சூல் கொண்ட தாய்க்கே குறை இருந்தால், கேடு கருவிலேயே தொடங்கிவிடும். இதனால் இது பிறவிக் குறைபாடா, வளர்ப்பினால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இசுரேலில் இந்நோய் கண்ட ஒரு சிங்கத்துக்குப் பிடரி எலும்பின் ஒரு பகுதியை அகற்றி, சிறுமூளையின் மீதிருந்த அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை செய்யப்பட்டமை 2008இல் கால்நடை மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு, மயக்க மருந்து, நரம்பு அறுவை வல்லுநர் என்று இத்தனையும் ஒரு சிங்கத்துக்குக் கிடைத்தது அடைப்பு வாழ்வின் நன்மை. ஆயினும் இரையின் ஈரல் கிடைக்கும் காட்டுச் சிங்கத்துக்கு அவ்வறுவை தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். உயிர்ச்சத்தை அளவின்றி ஊட்டுவதும் தீர்வாகாது. சூல் கொண்ட பூனைக்கு உயிர்ச்சத்து ஏ மிகுந்தால் குட்டிகள் அண்ணப்பிளவு முதலிய திரிபுகளுடன் பிறப்பதுண்டு.

உறவுக் கலப்பு

பஞ்சாபில், சண்டிகர் நகருக்கு அருகிலுள்ள சத்பீர் விலங்குக் காட்சிச்சாலையின் சிங்கங்கள் இந்தியாவில் இப்பொருள் பற்றிப் பேசும்போது தவறாது குறிப்பிடப்படுவன. 1980களில் அங்கு ஆசியச் சிங்கங்களும், வித்தைக் காட்சிக் குழுக்களிலிருந்து பெறப்பட்ட ஆப்பிரிக்கச் சிங்கங்களும் கலந்து இனப்பெருக்கம் செய்ய விடப்பட்டன. எண்ணிக்கை பல பத்துகளாகப் பெருகியது. பின்வந்த தலைமுறைகளில் பின்னங்கால் வலுவின்மையும் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைவும் மிகுந்து காணப்பட்டன. சில சிங்கங்களால் நடக்கவோ, இறைச்சியை எலும்பிலிருந்து பிய்த்து உண்ணவோ இயலவில்லை. நடுவண் விலங்குக் காட்சிச்சாலை ஆணையத்தின் முடிவின்படி 2000ஆம் ஆண்டளவில் ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. 2006இல் சுமார் 20 கலப்புச் சிங்கங்களே எஞ்சியிருந்தன. அவை கொல்லப்படாமல், இறுதிவரை பராமரிக்கப்பட்டு இயல்பாக முடிவடைய விடப்பட்டன. நோயுற்றவற்றுக்கு எலும்பில்லா இறைச்சி வழங்கப்பட்டது.

இக்கேட்டுக்கு இருவகைச் சிங்கங்களின் கலப்பே காரணம் என்று செய்தித்தாள்களில் எழுதப்பட்டது. மரபியல் நோக்கில் இது ஐயத்துக்குரியது. வேறு வேறு தொகைகளின் கலப்பு பொதுவாக மறைந்திருக்கும் தீய மரபணுக்களை மூடிவிடும். மிகச் சில மூதாதையரிலிருந்து தோன்றியவற்றை மீண்டும் மீண்டும் தமக்குள்ளேயே கூடவிட்டதே கூடுதல் பொருத்தமான காரணமாகும். கலப்பினால் நேர்ந்த வேறொரு இழப்பு உண்டு. அது தூய ஆசியச் சிங்க வழித்தொடர் குலைந்தது. வட அமெரிக்கக் காட்சிச்சாலைகளின் ஆசியச் சிங்கப் பாதுகாப்புத் திட்டமும், அதன் ஐந்து மூதாதைகளுள் இரண்டு ஆப்பிரிக்க வழியின என்று 1987இல் கண்டறியப்பட்டதால் கைவிடப்பட்டது.

வெள்ளைச் சிங்கங்களின் நிலையும் இத்தகையதே. வெண்ணிறம் குறையன்று என்று மேலே கூறப்பட்டது. ஆனால் அந்நிறம் ஒடுங்கிய பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணு வந்தால்தான் வெள்ளைக் குருளை பிறக்கும். காட்சிக்காகவும் விற்பனைக்காகவும் அதை விரைவில் பெற விரும்புவோர் தந்தையையும் மகளையும், உடன்பிறந்தவற்றையும் சேர்க்கின்றனர். வெண்மையோடு சேர்த்து, மறைந்திருந்த பிற குறைகளும் இரட்டிப்பாகி வெளிப்படுகின்றன.

சுருங்கிய காட்டுத் தொகைகள்

உறவுக் கலப்பு கூண்டுக்குள் மட்டும் நிகழ்வதன்று. தான்சானியாவின் ங்கோரோங்கோரோ எரிமலைவாயில் வாழ்ந்த சிங்கங்கள் 1962ஆம் ஆண்டு, மிகுமழைக்குப் பின் பெருகிய இரத்தம் உறிஞ்சும் ஈக்களின் தாக்கத்தால் ஏறத்தாழ அழிந்தன. பின்னர் பெருகிய தொகை முழுவதும் 15 மூதாதைகளின் வழி வந்தது. 1987இல் வெளியான ஆய்வு ஒன்று மூன்று தொகைகளின் ஆண் சிங்கங்களை ஒப்பிட்டது. வடிவம் திரிந்த விந்தணுக்கள் பெருந்தொகையான செரெங்கெட்டிச் சிங்கங்களில் ஏறத்தாழ 25 விழுக்காடு, ங்கோரோங்கோரோவில் 50 விழுக்காடு, கிர் காட்டில் 66 விழுக்காடு என இருந்தன.

கிர் சிங்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகச் சிலவாகக் குறைந்து, சூனாகத் நவாபின் காப்பினால் மீண்டவை. 2020இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வும் அவற்றின் மரபு வேறுபாடு மிகவும் ஒடுங்கியுள்ளதை உறுதி செய்தது. ஆயினும் அவை குன்றிவிடவில்லை: 2020இல் 674 ஆக இருந்த எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891 ஆயிற்று. குறையுடன் பிறப்பவை இருப்பினும், அவற்றுட் பலவும் இனப்பெருக்க வயதை எட்டாமல் நீங்கிவிடுவது இதற்கு ஒரு காரணமாகலாம். கிர் காட்டில் நோயுற்ற, காயமுற்ற சிங்கங்களை வனத்துறையினர் பிடித்து மருத்துவம் செய்து மீண்டும் விடுவது வழக்கம். ஆகவே காடு, அடைப்பு என்ற பிரிவினை அங்குக் கூர்மையானது அன்று.

காடு எல்லாக் குறைகளையும் வடிகட்டிவிடும் என்பதும் மிகைக்கூற்றே. அமெரிக்காவின் புளோரிடாவில் 20 முதல் 30 வரை குறைந்துவிட்ட பூமாக்களில் வால் முறுக்கு, இறங்காத விரை, இதயச் சுவரில் துளை ஆகியன பரவலாகக் காணப்பட்டன. அவற்றுடன் முதிர்ந்து வாழ்ந்த விலங்குகளும் பல. 1995இல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் கொண்டுவரப்பட்ட பின் பிறந்த குட்டிகளில் இக்குறைகள் வெகுவாகக் குறைந்தன. தென்னாப்பிரிக்காவின் இலுலுவே-இம்ஃபொலோசி பூங்காவிலும் சில சிங்கங்களிலிருந்து பெருகி நலிந்த தொகைக்கு, 1999 முதல் 2001 வரை வெளியிலிருந்து 16 சிங்கங்கள் சேர்க்கப்பட்டன. புதிய வரவுகளின் வழி வந்த குருளைகள், பழைய தொகையின் குருளைகளை விட நன்கு பிழைத்தன.

பராமரிப்பு

காட்சிச்சாலையில் குறையுடன் பிறந்த குருளையைப் புட்டிப்பால் அல்லது குழாய்வழி உணவு கொடுத்து வளர்ப்பர். அண்ணப்பிளவு, குடலிறக்கம் ஆகியன அறுவையால் சரிசெய்யக்கூடியவை. தாயிடமிருந்து பிரித்து மனிதர் கையில் வளர்ந்த குருளை, பிற சிங்கங்களோடு பழகத் தெரியாமல் போவது இதன் மறுபக்கம். அடைப்பில் நலமுள்ள சிங்கம் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். காட்டில் ஆண் சிங்கம் 12 வயதைத் தாண்டுவதே அரிது. குறையுள்ள சிங்கத்துக்கும் நெடிய வாழ்நாளைத் தர இயலும் என்பதாலேயே, அவ்வாழ்நாள் எத்தகையது என்ற வினா எழுகின்றது. ஒரு கண் பார்வையற்ற சிங்கமோ கால் ஒன்று குட்டையான சிங்கமோ வேட்டை தேவைப்படாத இடத்தில் வலியின்றி வாழக்கூடும். சிறுமூளை நசுங்கி, எழுந்து நிற்க இயலாமல் கிடக்கும் சிங்கத்துக்கு உணவூட்டிக்கொண்டே இருப்பது வேறு. பிந்தியதில் சில நாடுகளின் காட்சிச்சாலைகள் கருணைக் கொலையைத் தேர்கின்றன. வேறு சில இறுதிவரை காக்கின்றன.

குறை மரபுவழிப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயம் இருப்பின், அச்சிங்கத்தையும் அதன் பெற்றோரையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்குவது பொதுவான நடைமுறை. பெண் சிங்கங்களுக்குத் தோலடியில் வைக்கும் கருத்தடை மருந்துத் துண்டும், ஆண்களுக்கு விந்துக்குழாய் அறுவையும் பயன்படுகின்றன. ஆண் சிங்கத்துக்கு விரை நீக்கம் செய்வதைப் பெரும்பாலும் தவிர்ப்பர். விரை நீக்கினால் பிடரி மயிர் உதிர்ந்துவிடும். எந்தச் சிங்கம் எதற்குப் பிறந்தது என்பதைக் குறிக்கும் வழித்தோன்றல் பதிவேடு இல்லாத இடங்களில் இந்நடைமுறைகளைக் கைக்கொள்ளுதல் இயலாது. தென்னாப்பிரிக்காவில் வேலியிட்ட சிறு காப்பகங்களின் சிங்கங்களும் இதே இடரை எதிர்கொள்கின்றன. அவை தாமே வேட்டையாடி வாழ்ந்தாலும் வேலியைக் கடந்து புதிய துணை தேட முடியாது. ஆதலால் மேலாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண் சிங்கங்களை ஒரு காப்பகத்திலிருந்து மற்றொன்றுக்கு வண்டியில் ஏற்றி மாற்றுகின்றனர்.